ஆர்லிஸின் துப்பாக்கியை டெல்மர் துடைத்த நாள்

ஆர்லிஸ் வாசெக் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கோதுமையும் மாடுகளும் காற்றும்தான் இருக்கும். அந்தக் காற்றை மீறிக் கேட்க வேண்டுமென்றால் அப்படியொரு குரல் வேண்டியதுதான். பஸ்ஸின் பின்சீட்டில் ஒருத்தன் இன்னொருத்தன் தொப்பியைப் பறித்தால் போதும், கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டாள். "பறிச்ச ராஜா யாரு? நீயே குடுத்துடு கண்ணு. நான் எந்திரிச்சு வந்தா நல்லா இருக்காது." தொப்பி உடனே சொந்தத் தலைக்குத் திரும்பிவிடும்.

ஆர்லிஸுக்கு இந்த உலகத்தில் இரண்டு பேர் மேல் உயிர். ஒருவர் கணவர் டெல்மர். இன்னொன்று ஆளே இல்லை, ஒரு துப்பாக்கி.

விவசாயச் சாமான் கடையில் கோழித் தீவனத்துக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. குழலின் அளவை வைத்து ஊரில் எல்லோரும் 'இருபத்திரண்டு' என்று கூப்பிடுகிற சின்ன ரகம். பஸ்ஸுக்கு ஒரு டயர் மாற்றுகிற விலைகூட இல்லை. பையன்கள் தகர டப்பா சுட்டுப் பழகுவதற்கென்று செய்த அந்தச் சாமானை வைத்துக்கொண்டு முந்நூறு கஜம், நானூறு கஜம் என்று தூரத்து இரும்பை அடிப்பதற்காகவே அங்கே ஒரு சங்கம் இருந்தது. கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆரின் என்பவரின் மேய்ச்சல் நிலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியேதான் சுட வேண்டும், குழலையோ விசையையோ மாற்றக் கூடாது என்பது சட்டம்.

சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாணி அளவு குண்டு. அது நேராகப் போகாது. வானத்தைப் பார்த்து ஏறும், வளையும், களைத்துப்போகும், வழியில் எந்தக் காற்று கூப்பிட்டாலும் அதன் பின்னால் போய்விடும். சுட்ட பிறகு இரும்பில் 'டிங்' என்று கேட்கிறதா இல்லையா என்று தெரிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். "அதுக்குள்ள நான் ஒரு வாய் காப்பி குடிச்சுடுவேன்" என்பான் கேலன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சங்கத்தில் யாரும் எழுதி வைக்காத இன்னொரு சட்டமும் உண்டு. குழலைத் துடைக்கக் கூடாது. இந்தச் சின்னத் தோட்டாக்களின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். சுடச் சுட அது குழலுக்குள் படிந்து, குண்டு வழுக்கிக்கொண்டு போக ஒரு பாதை போட்டுவிடும். அந்தப் பாதை அமைந்துவிட்ட குழல் பிறந்த குழந்தை மாதிரி, தூக்கத்தில் அதை யாரும் தொட மாட்டார்கள். துடைத்துவிட்டால் மறுபடியும் நிறையத் தோட்டாக்கள் போய் மெழுகு படிகிற வரை குண்டு அதன் இஷ்டத்துக்குத் திரியும். சங்கத்தில் மனைவியைப் பிரிந்தவர்கள் உண்டு, சர்ச் மாறியவர்கள் உண்டு, குழலைத் துடைத்தவர்கள் கிடையாது.

டெல்மருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மான் வேட்டைக்காரர். பெரிய துப்பாக்கிக்காரர். ஒரே ஒரு தோட்டா சுட்டாலும் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால்தான் மனுஷன் என்று வளர்ந்தவர். மனைவியின் சனிக்கிழமைக் கூத்தைப் பார்த்து, "தகரத்தைச் சுடறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் போறே? நம்ம கொட்டகைக் கூரையே தகரந்தானே" என்று சிரிப்பார். சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

சிரிப்பார் என்றேனே, அது பழைய டெல்மர்.

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில், கன்று ஈனிக்கொண்டிருந்த ஒரு பசுவின் பக்கத்திலேயே அவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சு திரும்பியது. வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. மாடுகளை விற்றார்கள். கடைசி லாரி வாசலைத் தாண்டியபோது டெல்மர் உள்ளே போய் டிவிக்கு முன்னால் இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இதை அமுக்கிப் பழகுங்க, எதையாவது தூக்குங்க, கை மறந்துடக் கூடாது" என்று கெஞ்சினாள். பந்து நாற்காலிக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தது. ஆர்லிஸ் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், அவருக்குப் பிடித்த இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுப் பார்த்தாள். ஊரையே அதட்டுகிற அந்தக் குரல் அந்த ஒரு நாற்காலியிடம் மட்டும் தோற்றுப்போயிற்று.

இனி அந்த அக்டோபர் சனிக்கிழமைக்கு வருவோம்.

வருஷத்தின் பெரிய போட்டி அன்றைக்குத்தான். ஜெயிப்பவருக்குப் பரிசு கைப்பிடி வைத்த ஒரு கனத்த வார்ப்பிரும்புச் சட்டி. ஒரு வருஷம் அது அவர் அடுப்படியில் இருக்கும். போன வருஷம் ஆர்லிஸ் வீட்டுக்கு வந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அதை எடுக்க அடுப்படிக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

டெல்மர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் இல்லை. நின்றுகொண்டிருந்தார்! முகம் மழித்திருந்தது. மேஜை மேல் பழைய துண்டு விரித்து, அதன் மேல் அவளுடைய துப்பாக்கி. அதன் கறுப்பு உடம்பு ஞாயிற்றுக்கிழமை ஷூ மாதிரி மின்னியது. பக்கத்தில் துடைக்கும் கம்பி, பிரஷ், எண்ணெய்ப் புட்டி. கரி பிடித்த துணித்துண்டுகள் ஒரு குவியல்.

"பார்த்தியா?" என்றார் டெல்மர். ஒரு துணித்துண்டைத் தூக்கிக் காட்டினார். "எவ்வளவு அழுக்கு! இதை வாங்கினதுலேர்ந்து ஒரு தடவையாவது துடைச்சியா நீ? வெட்கமா இல்லையா? இந்தக் கையால பிடிச்சுக்கிட்டேன், இடது கையால இழுத்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. ஆனா குழலுக்குள்ள பாரு, வானம் தெரியுது!"

ஆர்லிஸ் குழலுக்குள் பார்த்தாள். வானம் தெரிந்தது. எத்தனையோ வருஷத்து மெழுகு! ஒரு பொட்டு மிச்சமில்லை!

வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'ஐயோ டெல், என்ன காரியம் பண்ணினே' என்று கத்தியிருப்பாள். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள். விரல்களில் கரி. நகக்கண்ணில் எண்ணெய். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்த கைக்கு வருகிற நடுக்கம் அது. அந்தக் கை எதையாவது பிடித்து எவ்வளவு காலமாகிவிட்டது! இந்த ஒரு வேலையும் தப்பு என்று இப்போது தெரிந்தால், நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவரை அதிலிருந்து கிளப்ப எந்தச் சக்தியாலும் ஆகாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அழகா இருக்கு டெல்" என்றாள். குரல் கொஞ்சம்தான் உடைந்தது. "ரொம்ப அழகா இருக்கு."

"அப்ப கிளம்பு. நானும் வரேன்."

"நீயா?"

"ஏன், நான் துடைச்ச துப்பாக்கி எப்படிச் சுடுதுன்னு நான் பார்க்க வேண்டாமா?"

சந்தோஷத்தில் அழுவதா, பயத்தில் அழுவதா என்று ஆர்லிஸுக்குத் தெரியவில்லை. வழியில் ஓடைப் பள்ளத்தில் வண்டியை நிறுத்தி, மண்மேட்டில் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுத் தள்ளினால் குழல் ஓரளவுக்காவது வழிக்கு வரும் என்று அவசரமாகக் கணக்குப் போட்டிருந்தாள். இப்போது பக்கத்து சீட்டில் டெல்மர். மடியில் சட்டி. காலடியில் ஒரு தகரப் பெட்டி. அது என்ன என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஓடைகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்தட்டுமா? சும்மா ரெண்டு மூணு சுட்டுப் பார்க்கலாம்."

டெல்மர் பதறிப்போனார். "எதுக்கு? அழுக்காயிடும்ல!"

ஆர்லிஸ் வண்டியை நிறுத்தவில்லை.

ஆரின் டாக்டரின் மேய்ச்சல் நிலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. டெல்மரைப் பார்த்ததும் எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் கேலன். தானியக் கிடங்கில் வேலை. டெல்மரோடு ஒன்றாகப் படித்தவன். வாயை மூடத் தெரியாத மனுஷன். வருஷா வருஷம் இந்தப் போட்டியில் இரண்டாவதாக வருகிறவனும் அவன்தான். சட்டியைத் தொங்கவிடுவதற்கென்றே தன் அடுப்படிச் சுவரில் என்றைக்கோ ஓர் ஆணி அடித்து வைத்திருந்தான். அது இன்னும் சும்மாத்தான் இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதில் தொப்பியை மாட்டி அவனை வெறுப்பேற்றுவார்கள்.

"டேய் டெல்! உயிரோடதான் இருக்கியா? உன் நாற்காலி தேடாது?" என்று கட்டிப்பிடித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். மறுபடியும் உறிஞ்சினான். மண்ணெண்ணெயும் பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனையை அந்தப் புல்வெளியில் யாரும் முகர்ந்ததே இல்லை.

"இது என்னடா வாடை? எந்த மடையன்டா குழலைத் து..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தபால் ஆபீஸ் ட்வைலா பூட்ஸ் காலால் அவன் பாதத்தை ஓங்கி மிதித்திருந்தாள். அவளும் வாசனையைப் பிடித்துவிட்டாள். துப்பாக்கியைப் பார்த்தாள், டெல்மரின் கரி விரல்களைப் பார்த்தாள், ஆர்லிஸின் முகத்தைப் பார்த்தாள். தபால் ஆபீஸில் இருப்பவளுக்கு உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது புரிந்துவிடும்.

"து... தும்மல் வருது எனக்கு" என்றான் கேலன், ஒற்றைக் காலில் நின்றபடி.

"நான்தான் துடைச்சேன்" என்றார் டெல்மர் பெருமையாக. "ராத்திரி இவ தூங்கப் போனதும் ஆரம்பிச்சேன். அப்பப்பா, அழுக்குன்னா அழுக்கு!"

தூரத்தில் ஒரு மாடு கத்தியது.

"ரொம்ப... நல்ல காரியம்" என்றாள் ட்வைலா.

ஐந்து நிமிஷத்துக்குள் சேதி காதோடு காதாக வரிசை முழுக்கப் போய்விட்டது. டெல்மருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போட்டியின் முதல் சுற்று குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு தோட்டா. அன்றைய முதல் தோட்டா. அதற்கு முன்னால் யாரும் சுட்டுப் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டவர் ஆரின் டாக்டர். ஆர்லிஸ் அவரிடம் போய் மெல்ல, "டாக்டர், மண்மேட்டுல ஒரு பத்து தோட்டா மட்டும்..." என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "உனக்குத் தந்தா எல்லாருக்கும் தரணும். ஏன்னு டெல் கேட்பான். என்னம்மா சொல்றது?"

அதுவும் சரிதான்.

ஆர்லிஸ் புல்லில் குப்புறப் படுத்தாள். துப்பாக்கியின் பின்பக்கத்துக்கு அண்டை கொடுக்க, டெல்மரின் பழைய ஜீன்ஸ் காலை வெட்டிக் கோதுமை நிரப்பித் தைத்த மூட்டை. அதை அமுக்கி அமுக்கிச் சரிசெய்தாள். மூச்சை விட்டாள். விசையைத் தொட்டாள். பின்னால் டெல்மர் கேலனின் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரும்புத் தட்டுக்கு ரொம்ப இடதுபக்கத்தில், சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், புழுதி கிளம்பியது.

"என்னது?" என்றார் டெல்மர். "காத்து தள்ளிடுச்சோ?"

"ஆமா ஆமா, காத்துதான்!" என்றான் கேலன்.

"பயங்கரக் காத்து" என்றாள் ட்வைலா.

"இங்கே திடீர்னு அப்படி ஒரு காத்து வரும்" என்றார் ஆரின் டாக்டர். வாழ்நாளில் பொய் சொல்லாதவர்.

நெப்ராஸ்காவின் அந்த மூலையில் காற்று வீசாத நாள் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அந்த ஒன்று அன்றைக்குத்தான் வந்திருந்தது. காற்றைக் காட்டுவதற்காகக் கம்பங்களில் கட்டியிருந்த சிவப்பு நாடாக்கள் துவைத்துக் காயப்போட்ட சாக்ஸ் மாதிரி தொங்கின. டெல்மர் அவற்றைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார்.

காலை முழுக்க இதே கதை. ஆர்லிஸ் சுடுவாள், புழுதி எங்கேயோ கிளம்பும், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காரணம் கண்டுபிடிப்பார்கள். வெயில் கண்ணில் அடித்தது. தரையிலிருந்து அனல் ஆடியது. "இவளுக்குக் கண்ணாடி மாத்தணும், நான் அப்பவே சொன்னேன்" என்றாள் ட்வைலா. "நேத்து பஸ்ஸுல பசங்க படுத்தியிருப்பாங்க, கை தளர்ந்துடுச்சு" என்றான் கேலன். அவன் மட்டும் அன்றைக்குத் தேவதை தோளில் உட்கார்ந்த மாதிரி சுட்டுக்கொண்டிருந்தான். டிங். டிங். டிங். முதல் தடவையாக எல்லோருக்கும் மேலே அவன் பெயர். ஆணிக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆர்லிஸுக்குத் தோற்பது பற்றிக் கவலையே இல்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் திரும்பி டெல்மரின் முகத்தைத்தான் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது குண்டுகள் மெல்ல மெல்லத் தட்டின் பக்கம் கூடி வர ஆரம்பித்தன. மெழுகு படிகிறது! குழல் தன் பாதையை மறுபடியும் போட்டுக்கொள்கிறது! கடைசி இரண்டும் விளிம்பில் பட்டன. அப்பாடா, மத்தியானம் தப்பித்துவிடலாம், அவருக்கு ஒன்றும் தெரியாமலே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

ட்வைலா கொண்டுவந்திருந்த காரமான பீன்ஸ் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் எல்லோரும் தட்டில் போட்டுக்கொண்டு வண்டிகளின் பின்பலகையில் உட்கார்ந்தார்கள். டெல்மர் சாப்பிடவில்லை. வண்டிக்குள்ளிருந்து அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தார்.

துடைக்கும் கம்பி. பிரஷ். எண்ணெய்.

"எனக்குப் புரிஞ்சுடுச்சு" என்றார். "காலையிலேர்ந்து சுட்டதுல மறுபடியும் அழுக்கு சேர்ந்திருக்கு. அதான் தவறுது. கொண்டா ஆர்லிஸ், சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள துடைச்சுத் தர்றேன்."

ஆர்லிஸின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. ரொட்டியைக் கடித்தவர்கள் கடித்தபடியே இருந்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார். சரி என்றால் மத்தியானமும் போச்சு. மத்தியானமும் தவறினால், 'நான் தொட்டது எதுவும் விளங்காது' என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நிச்சயம். மாடுகள் போன அன்று அதைத்தான் சொன்னார்.

"டெல்..." என்று ஆரம்பித்தாள். ஊரையே அதட்டுகிறவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை!

அப்போது பீன்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு கேலன் எழுந்தான். தன் வண்டிக்குப் போனான். தன் துப்பாக்கியை எடுத்தான். எத்தனை வருஷமாக ஒரு துணிகூட உள்ளே போகாத துப்பாக்கி. அன்றைக்குத் தங்கமாகச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, பெண்ணைத் தாரை வார்க்கிற அப்பன் மாதிரி நடந்து வந்தான்.

"அவளோடது கிடக்கட்டும்டா" என்றான். "அதைத்தான் நேத்தே பண்ணிட்டியே. என்னோடது ரொம்ப மோசம். இதைக் கொஞ்சம் துடைச்சுத் தாயேன்."

"உன்னோடது நல்லாத்தானே சுடுது?"

"எங்கடா நல்லா சுடுது? அதிர்ஷ்டம். உள்ளே எலி குட்டி போட்டிருக்கும்."

டெல்மர் கம்பியில் துணியைச் செருகினார். வலது கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். கம்பி உள்ளே போனது. கேலன் கண்ணை மூடிக்கொண்டான். ஆர்லிஸ் பார்த்தாள், அவனுடைய தாடை ஆடியது. அந்த வாயாடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

அவன் பின்னால் ட்வைலா வந்து நின்றாள், கையில் தன் துப்பாக்கியோடு. அவளுக்குப் பின்னால் ஆரின் டாக்டர். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சர்ச்சில் அப்பம் வாங்க நிற்கிற மாதிரி ஒரு வரிசை. டெல்மர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "என்ன ஜனங்கப்பா நீங்க! ஒருத்தருக்காவது துப்பாக்கியைப் பார்த்துக்கத் தெரியுதா?" என்று திட்டித் திட்டித் துடைத்தார். ஒவ்வொரு கரித்துணியையும் தூக்கிக் காட்டினார். "டாக்டர், நீங்களுமா? படிச்சவரு!" டாக்டர் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆர்லிஸ் குழம்புத் தட்டுக்குள் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டாள். யாராவது கேட்டால் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மத்தியானம் அந்த மேய்ச்சல் நிலம் கண்டிராத கூத்து நடந்தது. கேலன் சுட்டான், புழுதி. ட்வைலா சுட்டாள், வேறெங்கேயோ புழுதி. ஆரின் டாக்டர் சுட்ட குண்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரும்புத் தட்டுகள் தம் பாட்டுக்கு மௌன விரதம் இருந்தன. ஒருவர் தவறவிட்டதும் எல்லோரும் சேர்ந்து, "காத்து! காத்து!" என்று கூவினார்கள். நாடாக்கள் அசையவில்லை.

ஆர்லிஸின் முறை வந்தது. டிங். டிங். டிங். குழல் முழுசாக வழிக்கு வந்திருந்தது.

டெல்மர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். ஆர்லிஸின் துப்பாக்கியைப் பார்த்தார். வரிசையாகப் பளபளத்த மற்ற துப்பாக்கிகளைப் பார்த்தார். தொங்குகிற நாடாவைப் பார்த்தார். காலையிலிருந்து நடந்தவை எல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அவர் மாடு வளர்த்தவர், முட்டாள் அல்ல.

கடைசிச் சுற்று. நானூறு கஜத்தில், குன்றின் அடிவாரத்தில், பழைய உழவு இயந்திரத்தின் வட்டத் தகடு ஒன்று வெள்ளை அடித்துத் தொங்கியது. ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா, ஆனால் அதற்குத்தான் அதிகப் புள்ளி; காலையில் கேலன் எடுத்ததை ஆர்லிஸ் முந்த அது ஒன்று போதும். மற்றவர்கள் எல்லோரும் சுட்டுத் தவறவிட்டாயிற்று. ஆர்லிஸ் படுத்தாள். கோதுமை மூட்டையை அமுக்கினாள். துப்பாக்கி மேலிருந்த தூரக்கண்ணாடிக்குள் வெள்ளைத் தகடு கடுகு மாதிரி தெரிந்தது.

பக்கத்தில் புல் சரசரத்தது. டெல்மர் சிரமப்பட்டு முழங்காலிட்டு, அவள் காதருகில் குனிந்தார்.

"ஆர்லிஸ்."

"ம்."

"துடைக்கக் கூடாதா?"

அப்படியே கிடந்தாள். கண்ணாடிக்குள் தகடு மங்கியது. கண்ணீரா, அனலா, தெரியவில்லை.

"நான்தான் கெடுத்தேனா? உன்னோடதையும்... இவங்க எல்லாரோடதையுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். காலையிலிருந்து ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் இப்போது கேட்பது அவளை. முழங்காலிட்டுக் கேட்கிறார். இனிமேலும் பொய் சொன்னால், அவரை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைப்பது அவளாகத்தான் இருக்கும்.

"ஆமா டெல்" என்றாள். "துடைக்கக் கூடாது. துடைச்சா கெட்டுடும். எனக்கு உன் கையைப் பார்த்ததும் சொல்ல மனசு வரலை. இப்ப பேசாம இரு, சுட்டுட்டு அழறேன்."

மூச்சை விட்டாள். விசை நகர்ந்தது.

குண்டு ஏறியது, வளைந்தது, களைத்தது. கேலன் காப்பியைக் குடிக்கவில்லை. அப்படியொரு நீண்ட நேரத்தை ஆர்லிஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கடந்திருக்கிறாள்.

டிங்.

ரொம்பச் சன்னமாக, குன்றின் அடியிலிருந்து, அந்தச் சத்தம் மெதுவாக நடந்து வந்தது.

ஆர்லிஸ் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். பின்னால் ஏதோ விக்கல் மாதிரி கேட்டது. அழுகிறாரா? திரும்பினாள்.

டெல்மர் புல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணிலிருந்து நீர் வழிய, வாயைக் கோணிக்கொண்டு, பழைய டெல்மர் சிரித்தார்.

"பயங்கரக் காத்தாம்!" என்று நாடாவைக் காட்டினார். "டாக்டர் சொல்றாரு, திடீர்னு அப்படி ஒரு காத்து வருமாம்! டேய் கேலன், எலி குட்டி போட்டுச்சா? எலி குட்டி போட்டுச்சாடா உள்ளே? உன் துப்பாக்கியை உன் கையாலயே கொண்டுவந்து குடுத்தியேடா, பாவி!"

முதலில் கேலன் சிரித்தான். பிறகு ட்வைலா. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆரின் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சட்டப்படி ஜெயிச்சது ஆர்லிஸ்தான்" என்று சட்டியைக் கொண்டுவந்து வண்டியின் பின்பலகையில் வைத்தார்.

ஆர்லிஸ் அதை எடுக்கப் போனாள். டெல்மர் அவள் கையைத் தடுத்தார்.

"நான் எடுக்கறேன்."

வலது கையை நீட்டினார். விரல்கள் பிடியைச் சுற்றி மூடுவதற்கே நேரமானது. சாதாரணச் சட்டியா அது, கல்லு மாதிரி கனம். தூக்கினார். கை தோள் வரைக்கும் நடுங்கியது. ஆர்லிஸ் பிடிக்கப் போனாள், ட்வைலா அவளை இழுத்துக்கொண்டாள். டெல்மர் ஒவ்வோர் அடியாக வைத்து கேலனின் வண்டி வரைக்கும் நடந்தார். சட்டியை நீட்டினார்.

"உன் ஆணி எவ்வளவு காலமாடா காத்துக்கிட்டிருக்கு? வாங்கிக்கோ சீக்கிரம், கை விட்டுடும்."

கேலன் வாங்கிக்கொண்டான். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அப்ப அடுத்த மாசமும் துடைச்சுத் தருவியா?" என்றான்.

"உன்னோடதை மட்டும்" என்றார் டெல்மர். "ஆர்லிஸ் ஜெயிக்கணும்ல."

திரும்பும்போது ஓடைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். எதற்கு என்றாள். "ஒரு தடவை நானும் சுட்டுப் பார்க்கறேன், அந்தத் தகர டப்பாத் துப்பாக்கியில" என்றார். கோதுமை மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "என்ன தையல் இது, கோணல் மாணலா? கோதுமை கொட்டுது. வீட்டுல என் பழைய ஜீன்ஸ் இன்னும் இருக்குல்ல? நான் தைக்கறேன்" என்று குறை சொன்னார்.

இப்போது அந்தச் சங்கத்தில் எல்லோரும் வைத்திருப்பது டெல்மர் தைத்த மூட்டைகள்தான். ஆர்லிஸ் தைத்ததைவிடக் கோணல். கோதுமை இன்னமும் கொட்டுகிறது. சனிக்கிழமை முடிந்து வண்டிகள் கிளம்பியதும் காட்டுக்கோழிகள் ஓடி வந்து பொறுக்கித் தின்கின்றன.